கம்ப்யூட்டருக்கும் மாத வாடகையா?

காசு கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கிறது. மேஜை சொந்தம். நாற்காலி சொந்தம். கம்ப்யூட்டரும் சொந்தம். ஆனால் அதை வேலை செய்ய வைக்கும் மூளை மட்டும் சொந்தம் இல்லை. அதற்கு மாதா மாதம் வாடகை கட்ட வேண்டும் என்றால் எப்படி இருக்கும்?

வாடகை கட்டாத மாதம் கம்ப்யூட்டர் திறக்காது. பிள்ளைகள் எழுதிய பாடம், கல்யாணப் போட்டோ, கடைக் கணக்கு எல்லாம் உள்ளே இருக்கும். கதவு மட்டும் பூட்டி இருக்கும்.

இது நடக்குமா? நடந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். நடக்கத் தொடங்கிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அடிபட்ட இந்தப் பேச்சு இப்போது இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. விஷயம் என்ன?

மில்லுக்கு ஒரு மேஸ்திரி

கம்ப்யூட்டர் என்பது பல உறுப்புகள் சேர்ந்த எந்திரம். எழுத்து அடிக்க ஒரு கீபோர்டு. படம் காட்ட ஒரு திரை. கணக்குப் போட ஒரு சில்லு. எழுதியதைச் சேர்த்து வைக்க ஒரு டிஸ்க்கு.

இவை தாமாக வேலை செய்யா. "நீ இதைச் செய், நீ அதைச் செய்" என்று வேலை வாங்க ஒரு மேஸ்திரி வேண்டும். அந்த மேஸ்திரிக்குப் பெயர்தான் 'ஆபரேட்டிங் சிஸ்டம்'. மேஸ்திரி இல்லாத கம்ப்யூட்டர் வெறும் தகரப் பெட்டி!

உலகத்தில் அதிகமான மேஜைக் கம்ப்யூட்டர்களில் வேலை பார்க்கும் மேஸ்திரி 'விண்டோஸ்'. இதைச் செய்தது அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனி. முதல் விண்டோஸ் 1985-ம் ஆண்டில் வெளிவந்தது.

இதுவரை இருந்த வழக்கம் எளிதானது. கடையில் கம்ப்யூட்டர் வாங்கினால், விண்டோஸுக்கான விலையும் அதில் சேர்ந்திருக்கும். கம்ப்யூட்டர் 10 ஆண்டு உழைத்தாலும் அந்த விண்டோஸுக்கு மறுபடி காசு கேட்பதில்லை.

சட்டப்படி பார்த்தால் அப்போதும் விண்டோஸ் யாருக்கும் சொந்தம் ஆகவில்லை. பயன்படுத்திக்கொள்ள அனுமதிதான் கிடைத்தது. ஆனால் அந்த அனுமதிக்குக் கெடு கிடையாது. மேஸ்திரி வீட்டுக்குள்ளேயே இருந்தான். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் வேலை செய்தான்.

மேகம் எங்கே இருக்கிறது?

இப்போது புதிதாகச் சொல்லப்படும் ஏற்பாடு வேறு. அதற்குப் பெயர் 'கிளவுட்'. கிளவுட் என்றால் மேகம். ஆனால் வானத்து மேகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இந்த மேகம் தரையில்தான் இருக்கிறது.

பெரிய கம்பெனிகள் மில்லைப் போலப் பெரிய கட்டடங்கள் கட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் இரவு பகல் ஓடுகின்றன. சூடு ஏறாமல் இருக்கக் குளிர்ச்சி ஏற்பாடு உண்டு. வாசலில் காவல் உண்டு. இந்தக் கட்டடங்கள்தான் கிளவுட்.

கணக்குப் போடும் வேலை எல்லாம் அங்கே நடக்கும். வீட்டில் இருப்பது திரையும் கீபோர்டும் ஒரு சிறு பெட்டியும் மட்டும். வீட்டில் 'அ' என்ற எழுத்தைத் தட்டினால், அந்தச் செய்தி கம்பி வழியாகக் கட்டடத்துக்குப் போகும். அங்கே உள்ள கம்ப்யூட்டர் 'அ' எழுதும். எழுதிய படம் திரும்பி வந்து வீட்டுத் திரையில் தெரியும். இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடும்.

அதாவது, மேஸ்திரி வீட்டை விட்டுப் போய்விட்டான். கம்பெனியின் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து வேலை பார்க்கிறான். அவனுக்கு மாதச் சம்பளம் கேட்பது இப்போது சுலபம் ஆகிவிட்டது!

பழைய கதைதான்

இந்த ஏற்பாடு முற்றிலும் புதியது அல்ல. 1960-களில் கம்ப்யூட்டர் ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். விலையோ மிக அதிகம். பல்கலைக்கழகங்களும் பெரிய கம்பெனிகளும்தான் வைத்திருந்தன. ஒரே கம்ப்யூட்டரிலிருந்து பல மேஜைகளுக்குக் கம்பி இழுத்து, பல பேர் நேரத்தைப் பங்கு போட்டு வேலை செய்தார்கள்.

1981-ல் ஐ.பி.எம். கம்பெனி 'பர்சனல் கம்ப்யூட்டர்' என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பர்சனல் என்றால் தனி ஆளுக்கு உரியது. ஒருவர், ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர்! யாரிடமும் நேரம் கேட்டு நிற்க வேண்டாம். இதுதான் அதன் பெருமை. உலகம் முழுவதும் அது பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாற்பது ஆண்டு கழித்து வண்டி திரும்பிப் போகிறது. பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியிடம். கம்பி மட்டும் வீட்டுக்கு.

சந்தா நுழைந்த வழி

சந்தா ஒரே நாளில் வந்துவிடவில்லை. படிப்படியாக நுழைந்தது.

2011-ல் மைக்ரோசாப்ட் தன்னுடைய கடிதம் எழுதும், கணக்குப் போடும் புரோகிராம்களைச் சந்தாவுக்குக் கொடுக்கத் தொடங்கியது. 'ஆபீஸ் 365' என்று பெயர். ஒரே தடவை பணம் கட்டி வாங்கும் ஆபீசும் தொடர்ந்து விற்கப்பட்டது.

2013-ல் அடோப் கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போனது. போட்டோ ஸ்டூடியோக்காரர்களும் அச்சகத்தாரும் அறிந்த 'போட்டோஷாப்' இந்தக் கம்பெனியுடையது. "இனி வரும் புதிய பதிப்புகள் சந்தாவுக்கு மட்டும்தான், விலைக்கு இல்லை" என்று அடோப் அறிவித்துவிட்டது.

கார் கம்பெனிக்கும் இந்த ஆசை வந்தது! காரின் இருக்கையைச் சூடாக்கும் வசதிக்குச் சில நாடுகளில் பி.எம்.டபிள்யூ. கம்பெனி மாதச் சந்தா கேட்டது. சூடாக்கும் கம்பி காரிலேயே இருக்கிறது. சந்தா கட்டினால்தான் சூடேறும்! 2022-ல் இந்தச் செய்தி பரவியதும் மக்கள் கோபம் கொண்டார்கள். 2023-ல் கம்பெனி அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

2021 ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் 'விண்டோஸ் 365' என்ற சேவையைத் தொடங்கியது. விண்டோஸ் முழுவதும் கிளவுடில் ஓடும். வாடகை, வசதிக்குத் தகுந்தபடி மாதம் 20 டாலர் முதல் 160 டாலருக்கு மேல். அன்றைய மதிப்பில் சுமார் 1,500 ரூபாய் முதல் 12,000 ரூபாய் வரை. இது கம்பெனிகளுக்கான சேவை. வீடுகளுக்கு அல்ல.

வீடுகளுக்கும் அந்த எண்ணம் உண்டா? 2023 ஜூனில் அது வெளியே தெரிந்தது. ஒரு வீடியோ விளையாட்டுக் கம்பெனியை மைக்ரோசாப்ட் வாங்குவது பற்றி அமெரிக்காவில் வழக்கு நடந்தது. அந்த வழக்கில் மைக்ரோசாப்டின் உள்குறிப்பு ஒன்று வெளிவந்தது. 2022-ல் தயாரான குறிப்பு அது. முழு விண்டோஸையும் கிளவுடிலிருந்து எந்தக் கருவிக்கும் அனுப்பும் வகையில் பொதுமக்களுக்கான விண்டோஸையும் மெல்ல மெல்லக் கிளவுடுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற திட்டம் அதில் இருந்தது. அச்சம் வலுத்தது அதற்குப் பிறகுதான்.

விண்டோஸ் 10 கதை

வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ள விண்டோஸுக்கு மாத வாடகை என்று மைக்ரோசாப்ட் இதுவரை அறிவிக்கவில்லை. இதை மறைக்கக் கூடாது. ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை 'விண்டோஸ் 10' கதை காட்டுகிறது.

விண்டோஸ் 10 என்பது 2015-ல் வந்த பதிப்பு. 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு அதற்கு இலவசப் பாதுகாப்பு நின்றது. கம்ப்யூட்டர் ஓடும். ஆனால் திருட்டுப் புரோகிராம்கள் நுழையும் ஓட்டைகளைக் கம்பெனி இனி அடைத்துத் தராது.

"புதிய விண்டோஸ் 11-க்கு மாறுங்கள்" என்றது கம்பெனி. ஆனால் நல்ல நிலையில் உள்ள பல பழைய கம்ப்யூட்டர்களை விண்டோஸ் 11 ஏற்காது. அதற்குப் புதிய வகைச் சில்லு வேண்டும்.

மாறாதவர்களுக்கு மேலும் ஓர் ஆண்டு, அதாவது 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்புத் தருவதாகக் கம்பெனி அறிவித்தது. அதற்குக் கட்டணம் 30 டாலர். அப்போதைய மதிப்பில் 2,600 ரூபாய்க்கு மேல். கம்ப்யூட்டரின் அமைப்புகளைக் கம்பெனியின் கிளவுடில் சேர்த்து வைக்க ஒப்புக்கொண்டால் காசு வேண்டாம் என்றும் சொன்னது. ஐரோப்பாவில் எதிர்ப்புக் கிளம்பியது. அங்கே மட்டும் அந்த நிபந்தனை தளர்த்தப்பட்டது.

ஒரு தடவை விலை கொடுத்த பொருள். பத்து ஆண்டு கழித்து, "பணம் கட்டு, இல்லை, கிளவுடுக்கு வா" என்ற பேச்சு வந்துவிட்டது!

599 ரூபாய்க் கம்ப்யூட்டர்

இந்தியாவில் 2025 ஜூலையில் ரிலையன்ஸ் ஜியோ கம்பெனி 'ஜியோ பி.சி.' என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. வீட்டில் டெலிவிஷன் இருக்கிறது. ஜியோவின் இன்டர்நெட் இணைப்பும் பெட்டியும் இருக்கின்றன. அதில் கீபோர்டையும் மவுசையும் மாட்டினால் டெலிவிஷனே கம்ப்யூட்டர் ஆகிவிடும். உண்மையான கம்ப்யூட்டர் கிளவுடில் இருக்கும். தொடங்கியபோது வாடகை மாதம் 599 ரூபாய். வரி தனி.

இதில் நன்மை இல்லையா? உண்டு. கம்ப்யூட்டர் வாங்கக் கையில் மொத்தப் பணம் இல்லாத வீட்டில், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இது உதவும். எந்திரம் பழுதானால் கவலை இல்லை. வைரஸ் பயம் குறைவு. வீட்டுப் பெட்டி உடைந்தாலும், எழுதி வைத்தது கிளவுடில் பத்திரமாக இருக்கும். இரண்டு மாத வேலைக்கு மட்டும் கம்ப்யூட்டர் வேண்டும் என்பவருக்கு வாடகைதான் லாபம்.

ஆனால் நீண்ட கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். மாதம் 599 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 7,188 ரூபாய். 5 ஆண்டுக்கு 35,940 ரூபாய். வரியும் இன்டர்நெட் கட்டணமும் தனி. ஆண்டுச் சந்தா மொத்தமாகக் கட்டினால் சலுகை உண்டு. என்றாலும் 5 ஆண்டு முடிவில் கையில் மிஞ்சுவது என்ன? ரசீது மட்டுமே! அந்தப் பணத்துக்கு ஒரு சாதாரண லேப்டாப் வாங்கியிருந்தால், அது ஆறாம் ஆண்டிலும் வீட்டில் இருக்கும்.

முதல் ஆபத்து: விலை

வாடகை வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். சாமான்கள் எல்லாம் உள்ளே வந்த பிறகுதான் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார்.

2025 ஜனவரியில் மைக்ரோசாப்ட் அமெரிக்காவில் தனிநபர் ஆபீஸ் சந்தாவை மாதம் 6.99 டாலரிலிருந்து 9.99 டாலராக ஏற்றியது. 'கோபைலட்' என்ற செயற்கை அறிவு வசதி சேர்ந்திருக்கிறது என்பது கம்பெனி சொன்ன காரணம். கேட்காதவர்களுக்கும் அது சேர்ந்தே வந்தது.

ஆஸ்திரேலியாவிலும் விலை ஏறியது. அங்கே அரசாங்க நுகர்வோர் கமிஷன் 2025 அக்டோபரில் வழக்குப் போட்டது. கோபைலட் இல்லாத, பழைய விலைத் திட்டமும் இருந்தது. 27 லட்சம் சந்தாதாரர்களுக்குக் கம்பெனி அதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. கம்பெனி வருத்தம் தெரிவித்தது. பழைய திட்டத்துக்கு மாறும் வழியைச் சொல்லிச் சந்தாதாரர்களுக்குக் கடிதம் எழுதியது.

இரண்டாவது ஆபத்து: பூட்டு

விலை ஏறினால் பணத்தோடு போகும். கதவே பூட்டப்பட்டால்?

குஜராத்தில் வாடினார் என்ற ஊரில் நயாரா எனர்ஜி கம்பெனியின் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. அந்தக் கம்பெனியில் ரஷ்யாவின் ரோஸ்நெப்ட் கம்பெனிக்குப் பங்கு உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய யூனியன் நயாரா மீது தடை விதித்தது. உடனே மைக்ரோசாப்ட் நயாராவுக்குக் கொடுத்துவந்த சேவைகளை நிறுத்தியது. ஊழியர்களின் மின்னஞ்சல் நின்றது. சேர்த்து வைத்த தகவல்களை எடுக்க முடியவில்லை.

நயாரா டெல்லி ஐகோர்ட்டுக்கு ஓடியது. "முழுப் பணமும் கட்டியிருக்கிறோம். இந்தியச் சட்டத்திலோ அமெரிக்கச் சட்டத்திலோ எங்கள் மீது தடை இல்லை" என்பது அதன் வாதம். சில நாளில் சேவை திரும்பியது.

2019 அக்டோபரிலும் இப்படி நடந்தது. அமெரிக்க அரசாங்கத்தின் உத்தரவைக் காட்டி, வெனிசுலா நாட்டில் உள்ள எல்லாக் கணக்குகளையும் மூடப்போவதாக அடோப் அறிவித்தது. சந்தா கட்டிய ஓவியர்களும் போட்டோக்காரர்களும் தவித்தார்கள். அரசாங்கத்தின் அனுமதி கிடைத்ததால் அந்த மாதக் கடைசியில் முடிவு கைவிடப்பட்டது.

இவை ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பூட்டிய கதைகள் அல்ல. மின்னஞ்சலும் படம் வரையும் புரோகிராமும்தான். கம்ப்யூட்டர் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. மேஸ்திரியே கிளவுடில் இருந்திருந்தால் அதுவும் நின்றிருக்கும். நயாராவுக்கு வக்கீல் வைக்க வசதி இருந்தது. தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் எந்த ஐகோர்ட்டுக்குப் போவார்?

மூன்றாவது ஆபத்து: கம்பி

கிளவுட் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட்தான் மூச்சு. அது நின்றால் எல்லாம் நிற்கும்.

2025 அக்டோபர் 29-ந் தேதி மைக்ரோசாப்டின் 'அசூர்' என்ற கிளவுட் ஏற்பாட்டில் ஒரு மாற்றம் தவறாகப் போனது. பல நாடுகளில் அதை நம்பிய சேவைகள் சில மணி நேரம் தடுமாறின. அமெரிக்காவில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானக் கம்பெனிக்கும் தொல்லை ஏற்பட்டது.

சில சமயம் அரசாங்கமே இன்டர்நெட்டை நிறுத்துகிறது. 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் சில நாள் இன்டர்நெட் நிறுத்தப்பட்டது. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நிறுத்தினார்கள்; வேகமான இன்டர்நெட் முழுவதும் திரும்பியது 2021 பிப்ரவரியில்தான்.

சொந்தக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர் அந்த நாட்களிலும் கணக்கு எழுதலாம். பிள்ளை பாடம் எழுதலாம். கிளவுட் கம்ப்யூட்டர்க்காரர் வெறும் திரையைத்தான் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

மாற்று வழி உண்டா?

உண்டு. வாடகை கேட்காத மேஸ்திரியும் இருக்கிறான். அவன் பெயர் 'லினக்ஸ்'. பின்லாந்து நாட்டுக் கல்லூரி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் இதைத் தொடங்கினார். உலகம் முழுவதும் உள்ள ஆயிரக்கணக்கானவர்கள் அதை வளர்த்தார்கள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். திருத்தலாம். பிறருக்கும் கொடுக்கலாம்.

ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்ற மாநிலம், தன் சர்க்கார் ஆபீசுகளில் உள்ள 30,000 கம்ப்யூட்டர்களை மைக்ரோசாப்டிலிருந்து மாற்றப்போவதாக 2024 ஏப்ரலில் அறிவித்தது. 'அரசாங்கத்தின் சாவி அரசாங்கத்திடமே இருக்க வேண்டும்' என்பது அதன் எண்ணம். கேரளத்தின் அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் பல ஆண்டுகளாகவே பிள்ளைகள் லினக்ஸில் படிக்கிறார்கள். இந்திய அரசாங்கத்தின் சி-டாக் நிறுவனம் 2007-ல் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. அதில் சென்னையில் உள்ள சி-டாக்குக்கு முக்கியப் பங்கு உண்டு.

ஆனால் மாறுவது சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. ஜெர்மனியின் மியூனிக் நகரசபை லினக்ஸுக்கு மாறிப் பல ஆண்டு நடத்தியது. 2017-ல் மறுபடி விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. பழகிய புரோகிராம் கிடைக்காது. சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். பொறுமை வேண்டும். கடிதம், பாடம், கணக்கு, சினிமா இவை போதும் என்ற வீட்டுக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும்.

குடும்பங்கள் என்ன செய்யலாம்?

பயந்து எதையும் தூக்கி எறிய வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு எதிலும் சேரவும் வேண்டாம். சந்தாவில் சேருமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

"ஒரு மாதம் பணம் கட்டாவிட்டால் என் கடிதமும் போட்டோவும் என்ன ஆகும்? எத்தனை நாள் பத்திரமாக இருக்கும்?"

"வேண்டாம் என்று விலகினால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக முடியுமா?"

"அடுத்த ஆண்டு விலை ஏறுமா? ஏறினால் முன்கூட்டிச் சொல்வீர்களா?"

"இன்டர்நெட் இல்லாத நாளில் எது ஓடும், எது ஓடாது?"

கடைக்காரர் பதில் சொல்லத் தடுமாறினால், யோசித்துச் செய்யுங்கள்.

முக்கியமானவற்றுக்கு வீட்டிலேயே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பென் டிரைவ் போதும். தனி டிஸ்க்கு இருந்தால் இன்னும் நல்லது. கிளவுடில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு இடத்தில் இருந்தால் பயம் இல்லை. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடுமுன், தெரிந்த பையனைக் கொண்டு லினக்ஸ் போட்டுப் பாருங்கள். இன்னும் சில ஆண்டு உழைக்கும்.

அரசாங்கத்துக்கும் வேலை இருக்கிறது. பணம் கட்டிய வாடிக்கையாளரை நோட்டீஸ் இல்லாமல் பூட்டக் கூடாது. பூட்டினாலும் அவருடைய தகவலைத் திருப்பித் தர வேண்டும். குடியிருப்பவரை நினைத்த நேரத்தில் தெருவில் தள்ள முடியாதபடி வாடகைச் சட்டம் இருக்கிறது. கம்ப்யூட்டர்க் குடித்தனத்துக்கும் அப்படி ஒரு சட்டம் தேவை.

வாடகை ஏற்பாடு கெட்டது அல்ல. வாடகைதான் உண்டு, சொந்தம் கிடையாது என்ற நிலை வருவதுதான் கெடுதல். இன்றைக்குச் சொந்தக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் அதைக் காப்பாற்றி வைத்துக்கொள்வது நல்லது. இரவல் புடவையை நம்பி இடுப்புக் கந்தையை எறியக் கூடாது!